தகரக் கூரையிலிருந்து ஒரு போர்வை

நான் முதன்முதலாகத் தைத்த ஒட்டுப் போர்வையைப் பத்தடி தள்ளி நின்று பார்த்தால் பாசி பிடித்த தண்ணித் தொட்டி மாதிரி இருக்கும். கிட்டப் போய்க் குனிந்தால்தான் அதில் பதினொரு வகைப் பச்சை இருப்பது தெரியும். தேயிலை மலையை அப்படியே துணியில் கொண்டுவரப் போகிறேன் என்று ஆறு மாதம் மாரடித்தேன். கொழுந்துக்கு ஒரு பச்சை, முற்றின இலைக்கு ஒரு பச்சை, மழை நனைத்த மலைக்கு ஒன்று, பனிமூட்டத்துக்குள் தெரிகிற மலைக்கு ஒன்று என்று இலங்கை மலையகத்தில் தலவாக்கலையிலும் ஹட்டனிலும் நான் ஏறி இறங்காத துணிக்கடை இல்லை. தைத்து முடித்துக் கட்டிலில் விரித்த அன்று அம்மா வாசல்படியில் நின்றபடியே பார்த்தார்.

"என்னா புள்ள, படங்காட்டம் இருக்கு" என்றார்.

படங்கு தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கொழுந்து பறிக்கப் போகும்போது செடியின் கிளை குத்தாமலும் ஈரம் ஏறாமலும் இருக்க இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற சாக்கு. மழை, மண், கொழுந்துக் கறை எல்லாம் ஏறி, வாங்கிய ஒரு மாதத்தில் அது எந்த நிறம் என்றே சொல்ல முடியாமல் போய்விடும். முப்பத்தைந்து வருடம் அதைக் கட்டியவர் சொன்னால் மறுத்துப் பேச முடியுமா?

கோபம் வந்தது, உண்மைதான். ஆனால் கோபத்தைவிட ஒரு கேள்விதான் என்னை விடாமல் அரித்தது. இவ்வளவு பச்சையும் போய் எப்படி ஒரே பச்சையாக ஆனது? எனக்குத் துணி தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. நான் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, கார்மென்ட் லைனுக்குப் போனவள். பள்ளிக்கூடம் முடிந்த கையோடு, எங்கள் தோட்டத்திலிருந்து போன மற்ற ஐந்து பிள்ளைகளோடு பஸ் ஏறி, கட்டுநாயக்க வர்த்தக வலயத்தில் ஒரு கார்மென்ட்டில் எட்டு வருடம் வேலை செய்தேன். 1978இல் அந்த வர்த்தக வலயம் தொடங்கியபோது மலையகத்துப் பிள்ளைகள் அங்கே அவ்வளவாகப் போகவில்லை என்பார்கள். என் காலத்தில் எங்கள் போர்டிங்கின் ஒரு அறையில் மட்டும் நாலு தோட்டத்துப் பிள்ளைகள் இருந்தோம்.

முதல் இரண்டு வருடம் என்னைக் கட்டிங் செக்‌ஷனில் உதவிக்குப் போட்டிருந்தார்கள். நீளமான மேசையில் துணியை அடுக்கு அடுக்காக விரித்து, மேலே வெட்ட வேண்டிய வடிவம் போட்ட மார்க்கர் தாளை ஒட்டி, மெஷின் கத்தியால் ஒரே வெட்டாக வெட்டுவார்கள். வெட்டிய ஒவ்வொரு துண்டிலும் ஒரு சின்ன நம்பர் ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. ஏன் நம்பர் என்றால், ஒரே நிறம் என்று வந்த துணியாக இருந்தாலும் ஒரு ரோலுக்கும் அடுத்த ரோலுக்கும் நிறத்தில் ஒரு நூல் வித்தியாசம் இருக்கும். ஷேட் என்று சொல்வோம். ஒரு சட்டையின் முன்பக்கம் ஒரு ரோலிலிருந்தும் கை இன்னொரு ரோலிலிருந்தும் வந்துவிட்டால் சட்டை ரிஜெக்ட். ஆகவே ஷேட் கலக்காமல் பார்ப்பதற்காகவே என் கண்ணைப் பழக்கினார்கள். டியூப்லைட் வெளிச்சத்தில், நீலத்துக்கும் நீலத்துக்கும் நடுவே உள்ள மயிரிழையைப் பார்க்கிற கண் அது.

அந்தக் கண்தான் என்னைக் கெடுத்தது. மயிரிழை வித்தியாசம் எனக்குத் தெரிந்தது. பத்தடிக்கு அப்பால் நிற்கிற அம்மாவுக்கு அது தெரியவில்லை.

போர்வைக்குத் துணி தேர்வதில் முதலில் பார்க்க வேண்டியது நிறமே கிடையாது என்பதை நான் இப்படித்தான் தெரிந்துகொண்டேன். எது வெளிச்சம், எது இருட்டு, எது நடு என்பதுதான் முதல் கணக்கு. மஞ்சளும் வெளிர் நீலமும் வேறு வேறு நிறம், ஆனால் இரண்டும் வெளிச்சம். கத்தரிக்காய் ஊதாவும் மரூனும் வேறு, ஆனால் இரண்டும் இருட்டு. வெளிச்சத்தோடு வெளிச்சத்தைச் சேர்த்துத் தைத்தால், தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு நீங்கள் போட்ட வெட்டு, மூலை, முக்கோணம் எதுவும் தெரியாது. இதைச் சோதிக்க, போன் இல்லாத அந்தக் காலத்தில் கண்ணை இடுக்கிப் பார்த்தார்கள். இப்போது கையில் போன் இருக்கிறது. துணிகளைத் தரையில் பரப்பி ஒரு படம் எடுங்கள். அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். என் பதினொரு பச்சையையும் அப்படி மாற்றிப் பார்த்தேன். ஒன்பது பச்சை ஒரே சாம்பலாக வந்தது. ஆறு மாத உழைப்புக்கு அரை நிமிடத்தில் தீர்ப்பு.

பிறகு ஒரு நாள் பின்னேரம், சாமான் வாங்கி வருகிற வழியில் பஸ்ஸிலிருந்து மலையை வேறு மாதிரி பார்த்தேன். நிஜ மலையில் பச்சைகள் ஒன்றையொன்று பிரித்துக் காட்டுவதில்லை. பிரித்துக் காட்டுவது கொழுந்து பறிக்கிறவர்கள் நடந்து நடந்து தேய்த்த பாதை, தண்ணி ஓடுகிற கான், செடிகளுக்கு நடுவே விழுகிற நிழல், கவாத்து வெட்டி விட்ட மலை. சில வருடங்களுக்கு ஒருமுறை செடியை முழங்கால் அளவுக்கு வெட்டி விடுவார்களே, அந்த மலை மட்டும் பக்கத்து மலைகளுக்கு நடுவே பழுப்பும் சாம்பலுமாக மொட்டையாகக் கிடக்கும். அந்தப் பழுப்பு இருப்பதால்தான் பக்கத்துப் பச்சை பச்சையாகத் தெரிகிறது. நானோ என் போர்வையில் ஒரு துண்டு பழுப்புக்கூட வைக்கவில்லை. டூரிஸ்ட் எடுக்கிற படத்தில் கவாத்து மலை வராது. நானும் டூரிஸ்ட் மாதிரியே தைத்திருந்தேன்.

இனித் துணி. இதில் எனக்குச் சில பிடிவாதங்கள் உண்டு.

யூடியூப்பில் சொல்லிக்கொடுக்கிற வெளிநாட்டு அக்காமார் எல்லாருக்கும் வெள்ளைப் பின்னணி என்றால் உயிர். வெள்ளைக்கு மேல் எந்த நிறத்தை வைத்தாலும் எடுப்பாக இருக்கும், அது சரி. விறகடுப்பு எரிகிற வீட்டில் வெள்ளைப் போர்வையை ஒரு மாதம் போட்டுப் பார்த்துவிட்டு அவர்கள் பேசட்டும். எங்கள் பக்கத்தில் வெள்ளையின் ஆயுள் ஒரு திருவிழாவுக்கும் அடுத்த திருவிழாவுக்கும் இடையில்தான். பள்ளிக்கூடத்துச் சீருடைத் துணி மிஞ்சியது எல்லார் வீட்டிலும் ஒரு முழமாவது கிடக்கும், அதனால் கை அதற்குத்தான் போகும். வெளிச்சம் வேண்டுமென்றால் நான் வெள்ளைக்குப் பதில் மங்கின மஞ்சள், சந்தன நிறம், பழைய சாரத்தின் வெளுத்த கட்டம் இவற்றைத்தான் எடுப்பேன்.

அடுத்தது ஈரம். தென்மேல் பருவ மழை மே மாதம் பிடித்தால், மேற்குப் பக்கத்து மலைகளில் செப்டம்பர் வரை துணி காய வைப்பதே ஒரு தொழில். கனமான போர்வையைத் துவைத்துப் போட்டால் நாலு நாளுக்குப் பிறகும் நடுவில் ஈரம் நிற்கும். ஐந்தாம் நாள் பூஞ்சண வாடை வந்துவிடும். போர்வைக்கு மேல்துணி, நடு அடுக்கு, கீழ்த்துணி என்று மூன்று அடுக்கு. நூற்றுக்கு நூறு பருத்தி என்று புத்தகங்கள் சொல்வதை நான் மேல்துணிக்கு மட்டும்தான் கேட்கிறேன். பருத்தி மடித்த இடத்தில் மடிந்து நிற்கும், அயன் பிடிக்கும், வெட்டிய ஓரம் அவ்வளவாக ஓடிப் போகாது. நடு அடுக்குக்கு மெல்லியதாக, சீக்கிரம் காய்வதாக எது கிடைத்தாலும் போடலாம். மூன்று அடுக்கும் தடித்த பருத்தியாகத் தைத்து, ஜூலையில் துவைத்து, ஓகஸ்டில் அழுத அனுபவம் எனக்கு உண்டு.

துணி பருத்திதானா என்று கடைக்காரரிடம் கேட்டுப் பிரயோசனமில்லை. டவுனில் நான் வாடிக்கையாகப் போகிற கடை நானா நல்ல மனுஷன், ஆனால் "கொட்டன்தான் தங்கச்சி, நான் பொய் சொல்லுவேனா" என்று எல்லாத் துணிக்கும் சொல்வார். ஓரத்திலிருந்து நாலு நூல் உருவி வீட்டில் நெருப்பு வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, ஊதினால் பறக்கிற சாம்பலாகும். பொலியஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறினதும் கறுப்பு மணியாக இறுகும். இரண்டும் கலந்தது எரியவும் செய்யும், முனையில் கட்டியும் நிற்கும். இதற்காக நானாவிடம் நூல் உருவுவது எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. இப்போது அவரே, நான் உள்ளே வந்தால் லைட்டரை மேசையில் எடுத்து வைக்கிறார்.

சாயம் போவது பெரிய துன்பம். மாரியம்மன் திருவிழாவுக்கு எடுத்த சிவப்புச் சேலை ஒன்றின் முந்தானையை ஒருமுறை ஆசைப்பட்டு வெட்டிச் சேர்த்தேன். முதல் துவையலிலேயே சுற்றி இருந்த பதினாறு துண்டும் ரோஸ் நிறம். அன்றிலிருந்து சிவப்பு, கருநீலம், கறுப்பு எதுவானாலும் ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்க்காமல் வெட்டுவதில்லை. உப்புத் தண்ணியில் ஊறப் போட்டால் சாயம் நிற்கும் என்று அம்மாயி காலத்திலிருந்து சொல்கிறார்கள். எனக்கு ஒரு தடவையும் நின்றதில்லை. போகிற சாயத்தைப் போக விடுவதே வழி. தண்ணி தெளியும் வரை தனியாகத் துவைத்து, அதன் பிறகு வெட்ட வேண்டும். அப்படித் துவைக்கும்போதே பருத்தி சுருங்க வேண்டிய அளவுக்குச் சுருங்கிவிடும் என்பது கூடுதல் லாபம். நேர்த்திக்காக மஞ்சளில் நனைத்த துணியையும் நம்பாதீர்கள். வெயில் அதைத் தின்றுவிடும்.

கட்பீஸ் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கார்மென்ட்டில் வெட்டி விழுகிற துண்டுகள் கொழும்பு புறக்கோட்டையில் கிலோக் கணக்கில் விற்பனைக்கு வரும். 2022இல் ரூபாய் விழுந்து, மீற்றர் கணக்கில் துணி வாங்குவது சீமாட்டிகள் வேலை என்றான பிறகு நானும் அங்கே போகத் தொடங்கினேன். ஒரு மூட்டையைப் பிரித்துக் கொட்டியபோது கழுத்துக்கு வெட்டின அரைநிலாத் துண்டுகளும், கைக்குழிக்கு வெட்டின வளைவுகளும் விழுந்தன. எட்டு வருடம் என் காலடியில் கிடந்து, கேட்டில் சோதனை போடுவார்கள் என்ற பயத்தில் ஒரு விரல் அளவுகூட நான் எடுக்காமல் வந்த துண்டுகள். காசு கொடுத்து வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

ஆனால் அந்த மூட்டையில் நல்லது ஒன்றும் இருந்தது: ஒரே நீலத்தில் ஐந்து ஷேட். கட்டிங் மேசையில் குற்றமாக இருந்தது போர்வைக்குள் வந்ததும் குணமாகிவிட்டது. ஒரே ரோலிலிருந்து வெட்டிய நீலம் சுவருக்குப் பெயின்ட் அடித்த மாதிரி உயிரில்லாமல் கிடக்கும். பக்கத்துப் பக்கத்தில் ஷேட் மாறுகிற நீலம் அசைகிற மாதிரி இருக்கும். வெளிச்சம் இருட்டைச் சரியாகப் பிரித்து வைத்த பிறகு, ஒவ்வொரு பக்கத்துக்குள்ளும் இப்படி ஷேட்டைக் கலக்கலாம். என் பச்சைகளை நான் தலைகீழாகச் செய்திருந்தேன்.

நைலெக்ஸ் என்கிற செயற்கை நூல் சேலையை வைத்துப் போர்வை தைக்கலாமா என்று கேட்கிறவர்கள் நிறைய. அம்மாவின் வேலைச் சேலை எல்லாம் நைலெக்ஸ்தான்; சீக்கிரம் காயும், கிழியாது. ஆனால் வெட்டினால் ஓரம் பிரியும், தைத்தால் வழுக்கும், அயன் பெட்டியைச் சூடாக வைத்தால் பெட்டியோடு வந்துவிடும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. பழைய வேட்டித் துணியைச் சதுரமாக வெட்டி அடித்துணியாக வைத்து, நைலெக்ஸ் துண்டுகளை அதன் மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பிடித்துத் தைத்தால் அடங்கும். முன்பு இதற்கு மாச்சாக்குத் துணி இருந்தது. கோதுமை மா வருகிற பருத்திச் சாக்கைப் பிரித்து உள்பாவாடை, தலையணை உறை, பிள்ளைச் சட்டை என்று தைத்த காலம் அம்மாயியுடையது. அமெரிக்காவிலும் அப்படித்தான் இருந்திருக்கிறது. அங்கே பெண்கள் சாக்கைத் தைத்து உடுத்துகிறார்கள் என்று தெரிந்ததும் கம்பனிக்காரர்களே சாக்கில் பூப்போட்டு விற்றார்களாம். எங்களுக்கு யாரும் பூப்போடவில்லை. அம்மாயியின் உள்பாவாடையில் எழுத்துத்தான் இருந்தது.

டிசைன் எங்கிருந்து எடுப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். போனில் தேடினால் ஆயிரம் வரும். அதைப் பார்த்துப் பார்த்து நான் ஒரு வருடம் ஒன்றுமே தைக்காமல் இருந்தேன். தெமோதரைப் பக்கத்து ஒன்பது வளைவு ரயில் பாலத்தைத் தைத்துத் தரச் சொல்லி ஒரு வாடிக்கையாளர் கேட்டார். 1921இல் கட்டிய பாலம், பாவம், காலண்டரிலும் கோப்பையிலும் ஏறி ஏற்கெனவே களைத்துவிட்டது. வளைவு தைப்பதும் எனக்கு வராது. கந்தப்பளைப் பக்கத்து மரக்கறித் தோட்டங்கள், லீக்ஸ் பாத்தியும் கரட் பாத்தியுமாகப் போர்வைக்கென்றே போட்டு வைத்த மாதிரி இருக்கும். அதை ஒருமுறை தைத்தேன், பரவாயில்லாமல் வந்தது.

என்னை உட்கார வைத்துப் பாடம் நடத்தியது தும்பறைப் பாய். கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலைப் பகுதியில் ஹேனவல என்ற கிராமத்தில் நாருக்குச் சாயமேற்றிக் கையால் நெய்கிற பாய் அது. 2021இல் யுனெஸ்கோ அந்த நெசவை மனித குலத்தின் அருவப் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.  அதில் மான், யானை, பாம்பு, பறவை எல்லாம் இருக்கும். ஆனால் நெசவில் நெடுக்கும் குறுக்கும் மட்டும்தானே உண்டு, வளைக்க முடியாதே. ஆகவே மானின் முதுகு படிப்படியாக இறங்கும், பாம்பு மூலை மூலையாகத் திரும்பும். ஆனாலும் பார்க்கிற கண்ணுக்கு அது பாம்புதான். வளைவு தைக்கத் தெரியாதவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? சதுரங்களைப் படி மாதிரி அடுக்கினாலே மலைச்சரிவு வந்துவிடும். எங்கள் தேயிலை மலையில் ஏறுவதற்கு வெட்டியிருப்பதும் படிதான். சிவப்பு, கறுப்பு, மஞ்சள், அதோடு நாரின் சொந்த வெளிர் நிறம் என்று எவ்வளவு கொஞ்ச நிறத்தில் அந்த ஆட்கள் காரியத்தை முடிக்கிறார்கள் என்று பார்த்த அன்று, பதினொரு பச்சை வாங்கின என் கையை நானே அடித்துக்கொண்டேன்.

மாத்தளை அலுவிகாரையில் பட்டறை வைத்திருந்த ஈனா டி சில்வாவைப் பற்றி யாரோ சொல்லிக் கேட்டேன். 2015இல் மறைந்தவர், துணியில் மெழுகு வைத்துச் சாயமேற்றுகிற பத்திக் கலைஞர். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கட்டிய பெந்தோட்டை பீச் ஹோட்டலின் கூரைத்தட்டுக்குப் பத்திக் துணிகளாலேயே விதானம் செய்தவர். படத்தில் பார்த்தேன், தலைக்கு மேலே நிறம் நிறமாகச் சதுரங்கள். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. லயத்தில் எங்கள் காம்பரா அறையிலும் தலைக்கு மேல் துணிதான் இருந்தது. தகரக் கூரையில் இரவு பனி இறங்கி விடியும்போது சொட்டும்; அது பாயில் விழாமல் இருக்க அம்மா பழைய சேலைகளை ஒன்றோடொன்று இணைத்துத் தைத்து நாலு மூலையிலும் ஆணியடித்துக் கட்டியிருந்தார். புகை பட்டு, ஈரம் பட்டு அதில் வரைபடம் மாதிரிக் கறைகள். படுத்துக்கொண்டு அந்த ஒட்டுச் சேலையைப் பார்த்தபடிதான் நான் வாய்ப்பாடு படித்தேன். வீட்டுக்கு யாராவது டீச்சர் வந்தால் அதை நினைத்து நாணிப்போவேன்.

அதற்குப் பிறகுதான் ஜீஸ் பெண்ட். என் அக்கா மகள் போனில் காட்டினாள். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில், ஆறு வளைந்து மூன்று பக்கம் சூழ்ந்த ஒரு ஊர். ஒரு காலத்தில் பருத்தித் தோட்டம். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட கறுப்பின மக்களின் வாரிசுகள் அதே மண்ணில் குத்தகைக்காரர்களாக இருந்து, தோட்ட முதலாளியின் குடும்பப் பெயரான பெட்வேயையே தங்கள் பெயராகத் தாங்கி வாழ்ந்தார்கள். அந்த வீட்டுப் பெண்கள் குளிருக்குத் தைத்த போர்வைகளை 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் ஓவியம் மாதிரிச் சுவரில் மாட்டினார்கள். 2006இல் தபால்தலையாகவும் போட்டார்கள். அந்த ஊர்ப் போர்வைகளில் ஒன்று மிசோரி பெட்வே என்ற அம்மா 1942இல் தைத்தது. கணவர் இறந்த பிறகு அவருடைய வேலை உடுப்புகளைப் பிரித்துத் தைத்திருக்கிறார். முட்டி தேய்ந்த இடம் வெளுப்பாகவும், தைத்திருந்த பொக்கெட்டைப் பிரித்த இடம் கருநீலமாகவும் அப்படியே தெரிகிறது. கடையில் போய் வெளிச்சம் இருட்டு தேட வேண்டியிருக்கவில்லை அவருக்கு. உழைத்த உடம்பே ஷேட் போட்டுக் கொடுத்துவிட்டது.

அந்தப் பெண்கள் திரும்பத் திரும்பத் தைக்கிற ஒரு டிசைனுக்கு ஹவுஸ்டொப் என்று பெயர். நடுவில் ஒரு சதுரம், அதைச் சுற்றிப் பட்டை, அதைச் சுற்றி இன்னொரு பட்டை. வீட்டுக் கூரையை மேலிருந்து பார்ப்பது போல.

கூரையை மேலிருந்து பார்ப்பது என்றதும் எனக்கு ஒரு நொடி உடம்பு சிலிர்த்தது. சமவெளிக்காரர்கள் கூரையைப் பார்க்க மரமேற வேண்டும். எங்களுக்கு ரோட்டில் நடந்தால் போதும். லயம் கீழே கிடக்கும். நான் பிறந்த லயத்தை மேல் ரோட்டிலிருந்து எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருப்பேன்! பன்னிரண்டு காம்பரா, ஒரே நீளக் கூரை. ஆனால் தோட்டம் திருத்தித் தராததால் அவரவர் தலைக்கு மேல் அவரவர் மாற்றின தகரம். ஒருவர் வீட்டில் புதுத் தகரம் பளபளக்கும், பக்கத்தில் துருப்பிடித்த செம்பழுப்பு, அடுத்தது தார் பூசின கறுப்பு, யாரோ மகன் கொழும்பிலிருந்து கொண்டுவந்த நீலத் தகரம், ஓட்டை விழுந்த இடத்தில் விரித்த படுதா, அது பறக்காமல் வைத்த கல். வெளிச்சம், இருட்டு, நடு மூன்றும் அங்கே இருந்தன. ஒட்டுப் போட்ட கூரைக்குக் கீழே, ஒட்டுப் போட்ட சேலைக்குக் கீழே வளர்ந்துவிட்டு, டிசைனுக்காகப் போனைத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

தைக்க உட்கார்ந்தேன். ஹவுஸ்டொப் மாதிரிச் சதுரமாகச் செய்தால் லயம் வராது, லயம் நீளம். ஆகவே போர்வையின் நீளம் 84 அங்குலத்தைப் பன்னிரண்டாகப் பிரித்தேன். ஒரு காம்பராவுக்கு 7 அங்குலம். அகலம் 60 அங்குலத்தில் 12 அங்குல வரிசை ஐந்து. ஐந்து லயம், அறுபது காம்பரா. ஒவ்வொரு பக்கமும் தையலுக்குக் கால் அங்குலம் விட வேண்டும் என்பதால் வெட்டியது ஏழரைக்குப் பன்னிரண்டரை. கால் அங்குலம்தானே என்று அலட்சியம் செய்தால் பன்னிரண்டாவது காம்பராவில் வந்து முட்டும். ஒரு தையலுக்கு ஒரு நூல் கூடினாலும் வரிசை முடியும்போது அரை அங்குலம் காணாமல் போயிருக்கும். நெடுக்கு நூல் எல்லாத் துண்டிலும் ஒரே பக்கம் போகும்படி வெட்டினேன். குறுக்காக வெட்டின துணி இழுபடும், கோணல் வெட்டோ ரப்பர்தான்.

நீலமும் கறுப்பும் புறக்கோட்டை மூட்டையில் கிடைத்தன. துருவின் நிறம் எந்தக் கடையிலும் இல்லை. பழுப்பு என்று கேட்டால் சொக்கலேட் காட்டுகிறார்கள். கடைசியில் தேயிலையிடமே போனேன். தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்து, கழிவுத் தேயிலைத் தூளை நன்றாகக் கொதிக்க வைத்த சாயத்தில் ஒரு இரவு ஊற வைத்தேன். மணல் பழுப்பு வந்தது. பாதித் துண்டுகளைத் துருப்பிடித்த ஆணிகளை வினாகிரியில் போட்டு வைத்திருந்த தண்ணியில் நனைத்தேன். கண் முன்னாலேயே பழுப்பு கறுத்துச் சாம்பலாக மாறியது. தேயிலையில் இருக்கிற துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் அப்படித்தான். இங்கே ஒரு எச்சரிக்கை: இரும்பு கூடினால் நாளடைவில் நூலை அரித்துவிடும், அந்தக் காலத்துப் போர்வைகளில் பழுப்புத் துண்டு மட்டும் பொடிந்துபோயிருப்பது அதனால்தான். கொஞ்ச நேரம் நனைத்து எடுத்து, பல தண்ணியில் அலச வேண்டும். இந்தச் சாயம் வெயிலிலும் துவையலிலும் கொஞ்சம் மங்கும். தகரமும்தான் மங்குகிறது, மங்கட்டும்.

கீழ்த்துணிக்கு என் பழைய வொயில் சேலை. ஐந்தரை மீற்றர் சேலையில் 90 அங்குலத்துக்கு இரண்டு துண்டு வெட்டிப் பக்கத்தில் பக்கமாக இணைத்தால் தாராளமாகப் போதும். மிச்சத்தில் ஓரப்பட்டியும் தைத்துவிடலாம். நடு அடுக்குக்கு அம்மாயியின் கறுப்புக் கம்பளி. தோட்டத்தில் கொடுத்துவிட்டுச் சம்பளத்தில் பிடித்துக்கொண்ட கம்பளி அது. மழைக்குத் தலையில் போட்டு, இரவு போர்த்தி, கடைசியில் பெட்டிக்கு அடியில் கிடந்தது. இரண்டு இடத்தில் பூச்சி அரித்திருந்தது. மூன்று அடுக்குக் கனத்தைப் பற்றி மேலே இவ்வளவு பேசிவிட்டு நானே கம்பளியை வைத்தேன் என்று கேட்கலாம். கேளுங்கள். காய்ந்து முடிய ஒரு கிழமை எடுக்கிறது, அதனால் ஜனவரி பெப்ரவரி வெயிலில் மட்டும்தான் அதைத் துவைக்கிறேன். கம்பளியில் சூடு தண்ணி பட்டால் சுருங்கிவிடும் என்பதால் பீலியில் விழுகிற பச்சைத் தண்ணியில்தான்.

மூன்று அடுக்கையும் சேர்த்து நூலோட்டியபோது ஒவ்வொரு காம்பராவிலும் மேலிருந்து கீழாக நேர் நேர் கோடாகப் போட்டேன், முக்கால் அங்குல இடைவெளியில். கம்பளியின் தடிப்பால் கோடுகளுக்கு நடுவே துணி புடைத்து நின்றது. தகரத்தின் நெளிவு அப்படியே வந்துவிட்டது. அது நான் திட்டம் போட்டதில்லை. கல்லுக்குப் பட்டன் வைக்கலாமா என்று யோசித்து, ராத்திரி விலாவில் குத்தும் என்று விட்டுவிட்டேன்.

விரித்த அன்று அம்மாவைக் கூப்பிடவில்லை. அவரே வந்தார், நின்றார், கிட்ட வந்து ஒரு சாம்பல் துண்டைத் தடவினார்.

"இது மூணாம் காம்பரா. அவன் வீடுதான் எந்நேரமும் ஒழுகும்" என்றார். பிறகு வரிசையாக ஒவ்வொன்றுக்கும் ஆள் பெயர் சொல்லத் தொடங்கினார். நான் அப்படி யாரையும் நினைத்துத் தைக்கவில்லை. நிறுத்தச் சொல்லவும் மனம் வரவில்லை. பதினொன்றாவது துண்டில் வந்து, இது தப்பு, அந்த வீட்டில் தகரமே இல்லை, சாக்குத்தான் போட்டிருந்தார்கள் என்றார்.

சாக்கைப் போர்வையில் வைத்துத் தைக்க முடியாது. உதிரும், உடம்பை அரிக்கும். ஆனாலும் ஒரு சின்னத் துண்டை வேட்டித் துணிக்கு மேல் வைத்து மூலையில் பிடித்துத் தைத்தால் என்ன என்று தோன்றியது. அம்மாவின் பழைய படங்கு இன்னும் கோடிப்பக்கம் இருப்பது எனக்குத் தெரியும். கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"அதத் தொடாத" என்றார் அம்மா, போர்வையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அதுல வெதக் கெழங்கு கட்டி வச்சிருக்கேன்."